வளரும் அணிற்பிள்ளைக்கு எந்தக் கூண்டு?

மரம் வெட்டுண்டு கூடு சிதைந்தோ, காற்றில் தவறி விழுந்தோ, தாயைப் பூனை கவ்விச் சென்றதனாலோ, கண் திறவாத அணிற்பிள்ளையொன்று மனிதர் கைக்கு வந்து சேருமானால், அதற்கு எதை ஊட்டுவது என்னும் கேள்விக்கு அடுத்தபடியாக, அதை எதில் வைத்து வளர்ப்பது என்னும் கேள்வி எழுகிறது. பார்வைக்கு எளிய கேள்விதான். கடைவீதியில் ஒரு கூண்டை விலை பேசி வாங்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்றே தோன்றும். ஆயினும், ஓவியத்திலும் கடிதத்திலும் சட்டத்திலும் விலங்கியல் நூல்களிலும் இதற்குக் கொடுக்கப்பட்டுள்ள விடைகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, அவை ஒன்றோடொன்று முரண்படுவதும், அந்த முரண்பாட்டின் வேர் கூண்டின் நீள அகலங்களில் இல்லாமல், அந்தப் பிராணி வளர்ந்து என்னவாக வேண்டும் என்பது பற்றிய அபிப்பிராய பேதத்தில் இருப்பதும் புலப்படுகின்றன.

இக்கட்டுரையில் இரண்டு அணில்கள் பேசப்படுகின்றன. ஒன்று, நம் வீட்டுக் கூரையிலும் தென்னை மரத்திலும் ஓடித்திரியும் முதுகில் மூன்று வரியுடைய சிற்றணில். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்தில் மூன்று வரியுடையது என்னும் அடையாளத்தோடேயே இதனைக் குறித்து, இதன் இளமைக்குக் குட்டி, பறழ் என்னும் பெயர்களை உரித்தாக்குகிறது. இன்றைய பேச்சு வழக்கோ அதைப் பிள்ளை என்கிறது. மற்றொன்று, வட அமெரிக்காவின் சாம்பல் அணில். முழு வளர்ச்சி பெற்ற நம் அணில் 100 கிராம் அளவில் நிற்க, சாம்பல் அணில் 400 முதல் 600 கிராம் வரை எடையுள்ளது. அனாதை அணிலை வளர்ப்பது பற்றிய எழுத்து பெரும்பாலும் அந்த அமெரிக்க அணிலைக் கண்டு எழுதப்பட்டது என்பதையும், நம் நாட்டில் அதையே சிறிதாக்கிக் கையாள்கிறோம் என்பதையும் வாசகர் தொடக்கத்திலேயே நினைவில் கொள்வது நலம்.

சங்கிலியும் சக்கரமும்

ஐரோப்பாவில் அணில் வளர்ப்பு பழமையானது. 1526-க்கும் 1528-க்கும் இடையில் ஹான்ஸ் ஹோல்பைன் இங்கிலாந்தில் தீட்டிய ஓவியமொன்றில், ஒரு சீமாட்டியின் கையில் சிவப்பு அணில் சங்கிலியால் பிணிக்கப்பட்டுக் கொட்டையைக் கொறித்துக்கொண்டிருக்கிறது. 1765-இல் அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கிள்டன் காப்லி வரைந்த சிறுவனின் கையிலும் பொற்சங்கிலியில் கட்டுண்ட பறக்கும் அணில் ஒன்று காணப்படுகிறது. அக்காலத்தில் கூண்டுக்கு மாற்று சங்கிலியாகவே இருந்தது. இரண்டுக்கும் பொதுவான நோக்கம், பிராணியைக் கண்ணுக்கு விருந்தாக வைத்திருப்பது.

இந்த மரபின் தர்க்கத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தவர் பெஞ்சமின் பிராங்ளின் என்று கூறலாம். அவர் அமெரிக்காவிலிருந்து தருவித்துத் தம் ஆங்கில நண்பரின் குடும்பத்துக்கு அளித்த முங்கோ என்னும் சாம்பல் அணில், கூண்டைவிட்டு வெளியேறி நாயின் வாய்ப்பட்டு இறந்தபோது, 1772 செப்டம்பரில் அவ்வீட்டுப் பெண் ஜார்ஜியானா ஷிப்லிக்கு அவர் ஒரு கடிதமும் அதனுள் ஒரு கல்லறை வாசகமும் எழுதி அனுப்பினார். மேலும் மேலும் சுதந்திரத்தை நாடுவோர், கட்டுப்பாடாகத் தோன்றுவதே உண்மையில் பாதுகாப்பாக இருக்கலாம் என்பதை இவ்வணிலின் முடிவிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நான்கே ஆண்டுகளில் தம் நாட்டின் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிடவிருந்த ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பது சிந்தனைக்குரியது. அவருடைய வாதத்தில் ஓர் உண்மை உண்டு: மனிதர் கையில் வளர்ந்து நாயைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்ளாத அணிலுக்குத் திறந்த கதவு ஆபத்தே. ஆனால் அந்த அறியாமை எவ்வாறு விளைந்தது என்பதை அவ்வாதம் கேட்பதில்லை. அச்சத்தைக் கற்கவிடாத வளர்ப்பு முறையே பிராணியை ஆபத்துக்கு உள்ளாக்கிவிட்டு, பிறகு அந்த ஆபத்தையே கூண்டுக்குச் சான்றாகக் காட்டுகிறது.

அக்காலத்துக் கூண்டுகளில் சுழலும் உருளையொன்றைப் பொருத்துவது வழக்கமாயிற்று. அணில் ஓட ஓட உருளை சுழலும்; ஓடியது நின்ற இடத்திலேயே இருக்கும். அந்த உருவம் மனத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு, 1889-இல் பொறியியலாளர் டொலிவோ-டொப்ரவோல்ஸ்கி அமைத்த மின்னோடியின் சுழலும் பாகம் அணிற்கூண்டுச் சுழலி என்றே பெயர் பெற்று, இன்று நம் வயற்காட்டு நீரேற்றும் மோட்டாருக்குள்ளும் அப்பெயரோடேயே இயங்கிவருவது சாட்சி. இவ்வுருளை பிராணிக்கு நன்மையா, வதையா என்பதில் இருவேறு கட்சிகள் உண்டு. அடைபட்ட பிராணியின் மனநோயே அவ்வோட்டம் என்று ஒரு சாரார் நெடுங்காலம் கருதினர். 2014-இல் நெதர்லாந்தின் ஜோஹன்னா மெய்யரும் யூரி ராபர்ஸும் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைச் சற்று அசைத்தது: திறந்தவெளியில் சக்கரங்களை வைத்துக் கவனித்தபோது, எவராலும் அடைக்கப்படாத காட்டெலிகள் தாமாகவே வந்து அதில் ஏறி ஓடின. ஆயினும் எலிக்கு ஒப்பியது அணிலுக்கும் ஒப்பும் என்று கொள்வதற்கில்லை. மரத்தில் செங்குத்தாக ஏறி, கிளைக்குக் கிளை தூரத்தைக் கண்ணால் அளந்து தாவ வேண்டிய உடலுக்கு, ஒரே திசையில் ஓடும் ஓட்டம் எந்தப் பயிற்சியைத் தரும் என்பது ஐயத்துக்குரியது. இளங்குட்டியின் வாலோ விரலோ உருளையின் கம்பியிடையே சிக்கும் என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது.

கூண்டே வேண்டாம் என்போர்

இதற்கு நேர் எதிரான கட்சியிலும் இரண்டு பிரிவுகள் உள்ளன. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பல குட்டிகளின் உயிருக்கு உலை வைத்திருக்கிறது.

முதற்பிரிவினர், அனாதை என்று நாம் கருதும் குட்டி அனாதையாகவே இருக்கவேண்டியதில்லை என்பர். தாயணிலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் இருப்பதுண்டு. ஒரு கூடு கலைந்தால் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடத்துக்குக் கொண்டுசெல்வது அதன் சுபாவம். மனித வாடை பட்ட குட்டியைத் தாய் தள்ளிவிடும் என்று பரவலாக நிலவும் நம்பிக்கை அணிலைப் பொறுத்தவரை ஆதாரமற்றது. ஆகையால், காயமில்லாத குட்டியை முதலில் வெதுவெதுப்பாக்கி, சிறு கூடையிலோ கொட்டாங்கச்சியிலோ வைத்து, விழுந்த மரத்திலேயே எறும்பும் காக்கையும் அணுகாதபடி கட்டி, பகல் முழுதும் தொலைவில் நின்று கவனிப்பதே முதற்கடமை என்பது அவர்கள் வாதம். இரவில் அணில் வெளிவராது. எனவே பொழுது சாய்ந்தபின் குட்டியை மரத்தில் விட்டுவைப்பதில் பயனில்லை. இக்கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியது அதிகமில்லை. தாய் இறந்ததைக் கண்ணால் கண்ட இடத்திலும், குட்டி பூனைப்பல் பட்டு வந்த இடத்திலும் மட்டுமே இது பொருந்தாது. எந்தக் கூண்டு என்று கேட்டு வருவோரிடம் முதலில் கேட்கவேண்டிய எதிர்க்கேள்வி, தாய்க்கு ஒரு பகற்பொழுதேனும் அவகாசம் கொடுத்தீர்களா என்பதே.

இரண்டாம் பிரிவினர், குட்டியை வீட்டுக்குள் கட்டின்றி விட்டு வளர்ப்போர். சட்டைப்பையில் உறங்கி, தோளில் ஏறித் திரியும் அணிற்பிள்ளையைக் காண்போருக்குக் கூண்டு கொடுமையாகத் தோன்றுவது இயல்பே. அந்த இரக்கத்தை யாரும் குறைகூற மாட்டார்கள். ஆனால் வீடு என்பது அணிலின் கண்ணோடு பார்க்கும்போது அபாயங்களின் தொகுதி: சுழலும் மின்விசிறி, பல்லுக்கு அகப்படும் மின்கம்பி, மூடாத தண்ணீர்த் தொட்டி, கொதிக்கும் அடுப்பு, சாத்தும் கதவின் இடுக்கு, படுக்கையில் புரளும் மனித உடல். கொறிவிலங்கின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவையாதலால் அது கடிக்காமல் இருக்க இயலாது. கடிப்பதற்கு உரியது எது, ஆகாதது எது என்று அதற்குக் கற்பிப்பதும் இயலாது. கண்காணிப்போடு நாளில் சில வேளை வெளியில் விடுவது வேறு. கூண்டே இன்றி வளர்ப்பது வேறு.

படிப்படியான கூண்டு

அமெரிக்காவில் காட்டுயிர் மறுவாழ்வு என்பது தனித்துறையாக உருவெடுத்தபின், கூண்டு பற்றிய கருத்தில் அடிப்படையான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. ஒரு கூண்டைத் தேர்ந்தெடுத்துப் பிராணியை அதில் வைப்பது என்பது போய், வளர்ச்சியின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கூண்டு, அதிலிருந்து அடுத்ததற்கு மாற்றுவதற்கு ஓர் அடையாளம் என்னும் முறை வகுக்கப்பட்டது. பிறக்கும்போது ஏறத்தாழ 15 கிராம் எடையோடு, மயிரும் பார்வையுமின்றிக் கிடக்கும் சாம்பல் அணிற்குட்டி, நான்கு ஐந்து வாரங்களில் கண் திறந்து, பத்து வாரமளவில் பால் மறந்து, பன்னிரண்டு முதல் பதினான்கு வாரங்களில் காட்டுக்குத் தகுதி பெறுகிறது. மூன்று மாதங்களுக்குள் இத்தனை மாறும் உடலுக்கு ஒரே கூண்டு எவ்வாறு பொருந்தும்?

முதற்பருவத்தில் கூண்டே தவறு, பெட்டியே சரி. உரோமம் அரும்பாத குட்டி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. உயரமான பக்கங்களும் காற்றுத்துளைகளும் உள்ள அட்டைப் பெட்டியின் பாதியளவு மட்டும் கீழிருந்து வெதுவெதுப்பாக இருக்க, மறுபாதி குளிர்ந்திருக்க வேண்டும் என்பது இம்முறையின் நுட்பமான விதி. சூடு மிகுந்தால் குட்டி தானே நகர்ந்துகொள்ளும். நம் ஊரில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி இதற்குப் போதும். ஆனால் அது ஆறிவிட்டால் குட்டியின் சூட்டையே உறிஞ்சத் தொடங்கும் என்பதை மறக்கலாகாது. படுக்கைக்கு இடும் துணியிலும் கவனம் வேண்டும். துவாலையின் நூல் வளையங்களில் நகம் மாட்டும்; பழைய வேட்டித் துண்டு மெத்தென்றிருக்கும், ஆயினும் கிழிந்த ஓரத்து நூல் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலே அழுகிவிடும்.

கண் திறந்து, பெட்டியின் சுவரைப் பற்றி ஏறத் தொடங்குவது அடுத்த படிக்குரிய அடையாளம். அப்போது வீட்டுக்குள் வைக்கத்தக்க சிறு கம்பிக்கூண்டு. இப்பருவத்தில் கூண்டு பெரிதாக இருப்பதைவிடத் தாழ்வாக இருப்பது முக்கியம். ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத பருவம் அது. கொஞ்ச நாளில் தாவல் தேர்ந்ததும், வெளியில், மரத்தடியில், உயர்ந்த அடைப்புக்கு மாற்றவேண்டும். நான்கடி நீளம், நான்கடி அகலம், எட்டடி உயரம் என்பது சாம்பல் அணிலுக்கு அமெரிக்க மறுவாழ்வாளரிடையே அடிக்கடி சொல்லப்படும் அளவு. அதில் அசையும் கிளைகளும் அசையாத கிளைகளும், ஒன்றுக்கு இரண்டாக உறங்குமிடங்களும், அந்தந்த வட்டாரத்து இலையும் காயும் இருக்கவேண்டும். மனிதர் நடமாட்டம் நாளுக்கு நாள் குறையவேண்டும். இறுதியில் கதவு திறக்கப்படுகிறது. அணில் போய்வர, உணவு சிலநாள் அங்கேயே வைக்கப்படுகிறது.

இந்த மூன்றாவது நிலைப்பாடே இன்று பெரும்பாலோரால் ஏற்கப்பட்டுள்ளது; கேள்வியைக் காலத்தோடு இணைத்தது அதன் பெருஞ்சிறப்பு. ஆயினும் அதற்கும் பலவீனங்கள் உள. வாரக்கணக்கு சராசரியைச் சொல்கிறது. பசியாலும் காயத்தாலும் பின்தங்கிய குட்டி சராசரிக்குக் கட்டுப்படாது. நாட்காட்டியைப் பார்த்து உயர்ந்த கூண்டுக்கு மாற்றிய குட்டிகள் விழுந்து எலும்பு முறிவது உண்டு. அவ்வாறு நேரும்போது கூண்டின்மேல் பழி போடப்படுகிறது. பல நேரங்களில் குற்றம் உணவில் இருக்கிறது. நிலக்கடலையிலும் சூரியகாந்தி விதையிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து சொற்பம். அவற்றையே தின்று வளரும் குட்டியின் எலும்பு மெலிந்து, பின்னங்கால் துவண்டு, தாவிய இடத்தில் முறிகிறது. உணவும் கூண்டும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதப்படுவதால் இந்தத் தொடர்பு வாசகர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கம்பியும் மரமும் எறும்பும்

அளவைப் பற்றிச் செலவிடப்பட்ட மையில் கால்பங்கேனும் பொருளைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் செலவிடப்பட்டிருக்கலாம். நம் தேசத்து நிலைமைக்கு அளவை விட இவையே பெரும்பாலும் உயிர்ப்பிரச்சினை.

கடைவீதிகளில் கிடைப்பவை பெரும்பாலும் பறவைக்கென்று செய்த கூண்டுகள். பறவை கம்பியைப் பற்றி அமரும். அணிற்குட்டியோ தலையை நுழைக்கும். தலை நுழைந்த வழியே உடலும் நுழையும், அல்லது பாதியில் சிக்கும். அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள சதுரக் கம்பிவலையே நம் சிற்றணிலின் குட்டிக்கு ஏற்றது. அதே வலை சாரைப்பாம்பையும் வெளியில் நிறுத்தும். கொசுவலைத் தகடு காற்றுக்கு நன்று, பல்லுக்கு நில்லாது. துத்தநாகம் பூசிய புதுக்கம்பியை அணில் ஓயாமல் கடிப்பதால் அந்தப் பூச்சு வயிற்றில் சேர்ந்து நஞ்சாகக்கூடும். ஆதலால் அத்தகைய வலையைக் காடிநீரால் நன்கு தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்திய பின்னரே பயன்படுத்தச் சொல்வர். பழைய வண்ணப்பூச்சு உரியும் கூண்டு அதைவிடக் கேடு. தரை கம்பியாக இருந்தால் உள்ளங்கால் புண்ணாகும். பலகையிட்டு அதன்மேல் தாள் விரிப்பது எளிது. மரக்கூண்டு குளிர்ச்சியானது, ஆனால் சிறுநீரை உறிஞ்சிக்கொண்டு நாறும். நாளடைவில் அணிலே அதைக் கொறித்து வழி செய்துகொள்ளும். மரச்சட்டத்தின் உட்புறம் வலையை அறைந்துவிட்டால் இவ்விரண்டாம் குறை தீரும்.

எறும்பைப் பற்றி மேனாட்டு வழிகாட்டிகள் விரிவாகப் பேசுவதில்லை. நமக்கோ அதுவே முதற்பகை. பால்வாடையும் பழவாடையும் உள்ள கூண்டை இரவில் எறும்பு மொய்த்தால், ஓடத் தெரியாத குட்டி விடிவதற்குள் மாண்டுபோகும். பலகாரம் வைக்கும் அலமாரியின் கால்களுக்கு நம் வீட்டுப் பெண்கள் நீர் நிரம்பிய எறும்புக் கிண்ணம் வைத்த பழைய வழியே இங்கும் சிறந்த காப்பு. தொங்கவிடும் கூண்டாயின் தொங்கும் கம்பியின் நடுவில் அதே கிண்ணத்தைப் பொருத்தலாம்.

வெயிலும் அவ்வாறே. குளிர்நாட்டவர் எழுதிய ஆலோசனைகளில் சூடேற்றுவது குறித்தே அக்கறை மிகுதி. சித்திரை வைகாசியில் தகரக்கூரையின் கீழ் தொங்கும் கூண்டு ஒரு நண்பகலில் அடுப்பாகிவிடும் என்பதை அவர்கள் எண்ணவேண்டிய அவசியம் நேரவில்லை. தென்னங்கீற்று வேய்ந்த நிழல், ஒருபக்கம் நனைத்த சாக்கு, உள்ளே தொங்கும் சிறிய மண்கலயம் ஆகியவை இங்குக் கூண்டின் அங்கங்களாகவே கருதப்பட வேண்டும். கலயத்தின் வாயில் தேங்காய் நாரைத் திணித்துவைத்தால் கூடு கட்டும் தொழிலை அணில் தானே பழகிக்கொள்ளும். எனினும் காலை வெயில் சிறிது நேரம் நேரடியாகப் படவும் வேண்டும்; எலும்புக்கு வேண்டிய உயிர்ச்சத்தை உடலில் உண்டாக்கும் புற ஊதாக்கதிரைச் சாதாரண சன்னல் கண்ணாடி தடுத்துவிடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் பளிச்சென்று வெளிச்சத்தில் வைக்கப்பட்ட கூண்டு, வெயில் படாத கூண்டே.

அளவா, குணமா?

இருபதாம் நூற்றாண்டில் இவ்விவாதத்துக்கு ஒரு தத்துவ அடிப்படை தந்தவர் சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர். பெர்ன், பாசல், சூரிச் நகரங்களின் விலங்குப் பூங்காக்களை நிர்வகித்த அவர், அடைபட்ட காட்டுவிலங்குகளைப் பற்றி 1942-இல் வெளியிட்ட நூலில், காட்டிலும் எந்த விலங்கும் கட்டற்று அலைவதில்லை, உணவும் பகையும் வகுத்த எல்லைக்குள்ளேயே அது வாழ்கிறது என்று எடுத்துக்காட்டி, ஆகவே இடத்தின் அளவைவிட அதன் குணமே முதன்மையானது என்று வாதித்தார். ஒளிந்துகொள்ள ஒரு மறைவு, உறங்க ஓரிடம், உயரத்திலிருந்து நோக்க ஒரு கிளை என்று தன் வாழ்வுக்கு இன்றியமையாத புள்ளிகள் இருக்குமானால் சிறிய இடமும் பிராணிக்கு வீடாகும். அவை இல்லையேல் பரந்த இடமும் பாலைவனமே என்பது இதன் பயன்.

இக்கருத்து அணிற்கூண்டின் உள்ளமைப்பைத் திருத்தியது. வெறும் கம்பிப்பெட்டியில் கிளையும் கலயமும் இடம்பெறலாயின. ஆயினும் ஹெடிகர் பேசியது பெரும்பாலும் நிரந்தரமாக அடைபட்ட, தன் எல்லையை நிலைநாட்டிக்கொண்ட விலங்கைப் பற்றியது. வளரும் குட்டிக்கு எல்லை என்பதே இன்னும் இல்லை. அதன் தசைக்கும் கண்ணுக்கும் தாவும் தூரம் வேண்டியிருக்கிறது. தாவும் தூரம் என்பது அளவன்றி வேறில்லை. குணம் முதன்மை என்னும் நல்ல கொள்கை, இடம் கொடுக்க மனமில்லாதவர் கையில், சிறிய கூண்டுக்குச் சமாதானமாகிவிடும் அபாயமும் உண்டு. இக்காரணங்களால், வளர்ச்சியின் முற்பகுதிக்கு ஹெடிகரும் பிற்பகுதிக்கு மறுவாழ்வாளரும் வழிகாட்டத் தக்கவர்கள் என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் கூண்டின் அளவைப் பற்றிப் பேசிய முதன்மையான சட்டம், 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அரசே இதற்குச் சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு அளித்த உறுதியின் பேரில் திரும்பப் பெறப்பட்டு, அந்த உறுதியின் பயனாக இச்சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவராயினார். பிராணி நியாயமான அளவு அசைவதற்குப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அதை அடைத்துவைப்பது குற்றம் என்று இதன் 11-ஆம் பிரிவு கூறுகிறது. முதற்குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் என்பதாகும். அடியும் அங்குலமும் சொல்லாத அந்த வாக்கியம் குறைபாடுடையது என்பர் சிலர். வளரும் பிராணிக்கு அதுவே சரியான வாக்கியம் என்பது இவ்வெழுத்தாளனின் கருத்து. நேற்றுப் போதிய கூண்டு இன்று போதாது என்பதை எண் சொல்லாது, அசைவு சொல்லும்.

இதற்கு மேலாக 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-இல் சரணாலயம் கண்ட சாம்பல் நிற மலையணில் போன்றவை கைக்கு வருமானால் தனியார் கூண்டு பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அவை வனத்துறையைச் சேரவேண்டும். வீட்டு முற்றத்துச் சிற்றணிலுக்கும் வனத்துறையினருக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் தந்து அவர்கள் சொற்படி நடப்பதே முறை. மீண்டும் மரத்துக்கு அனுப்பும் நோக்கமின்றி அதை வளர்ப்புப் பிராணியாக்கிக்கொள்வதை நியாயப்படுத்த வழியில்லை.

சட்டம் கூண்டின் நோக்கத்தையே தலைகீழாக்குவதும் உண்டு. 1876-இல் இங்கிலாந்தின் செஷயரில் விடப்பட்டு நாடெங்கும் பெருகி, அந்நாட்டுச் சிவப்பு அணிலை ஒதுக்கிவிட்ட சாம்பல் அணில், இன்று அங்கே ஆக்கிரமிப்பு உயிரினமாகக் கருதப்படுகிறது. 2019-இன் ஆணைக்குப்பின், காப்பாற்றிய சாம்பல் அணிலைத் திரும்ப வெளியில் விட இங்கிலாந்தில் அனுமதி கிடைப்பதில்லை. அமெரிக்காவில் மூன்று மாதப் பாலமாக இருக்கும் கூண்டு, அங்கே ஆயுட்கால வாசமாகிவிடுகிறது. இவ்விரு நாட்டு ஆலோசனைகளையும் கலந்து படிக்கும் நம்மவர், ஒன்று எதற்காகச் சொல்லப்பட்டது என்று அறியாமல் மற்றொன்றோடு பொருத்திக்கொள்ளக் கூடாது.

இன்னும் தீராதவை

முதலாவது, தனிமை. தனியாக வளர்ந்த குட்டி மனிதரோடு மிதமிஞ்சி ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ஒத்த வயதுடைய குட்டிகளை ஒரே கூண்டில் சேர்த்து வளர்க்கவேண்டும் என்று அமெரிக்க அனுபவம் கூறுகிறது. விலங்கு நடத்தை ஆய்வாளர் லோரன்ஸ் 1935-இல் பறவைக் குஞ்சுகளிடம் விளக்கிய மனப்பதிவு என்னும் சொல்லை இங்கே பலரும் கையாள்கின்றனர். முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் பின்தொடர்ந்து ஓடும் குஞ்சுக்கு உரியதை, வாரக்கணக்கில் கண் திறவாது கிடக்கும் பாலூட்டிக்கு அப்படியே ஏற்றிக் கூறுவது நிதானமான பேச்சன்று. பழக்கத்தால் வந்த ஒட்டுதல் பழக்கத்தால் நீங்கவும் கூடும். எத்தனை நாளில், எந்தக் கூண்டில் என்பதே கேள்வி.

இரண்டாவது, காலம். விரைவில் விட்டால் பூனைக்கு இரை. தாமதித்தால் மரம் ஏறும் துணிவு மங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நாட்கள் சாம்பல் அணிலுக்கு ஓரளவு வரையறுக்கப்பட்டுள்ளன. ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள, வேறு வேகத்தில் வளரும் நம் அணிலுக்கு அதே நாட்களைக் கடன் வாங்குவது எவ்வளவு பொருந்தும் என்பது திறந்த வினாவாகவே நிற்கிறது.

மூன்றாவதே எல்லாவற்றினும் கடினமானது: கதவு திறந்தபின் அணில் பிழைத்ததா? சின்னஞ்சிறு உடலில் அடையாளம் கட்டித் தொடர்வது எளிதன்று. இரண்டு நாள் கழித்துத் திரும்பாத அணில் காட்டோடு கலந்ததா, வல்லூற்றின் காலில் அகப்பட்டதா என்று சொல்ல எவராலும் இயலுவதில்லை. அந்த விடை கிடைக்காதவரை, இந்தக் கூண்டே சிறந்தது என்னும் எந்தத் தீர்ப்பும் இடைக்காலத் தீர்ப்பாகவே இருக்கும்.

அந்த இடைக்காலத் தீர்ப்பு இது: தாய்க்கு ஒரு பகல், பிறகு பெட்டி, பிறகு தாழ்ந்த சிறு கூண்டு, பிறகு மரநிழலில் உயர்ந்த அடைப்பு, மாற்றத்துக்கு அடையாளம் நாட்காட்டியன்று, குட்டியின் அசைவு. தமிழ்நாட்டில் ஒவ்வோராண்டும் எத்தனையோ வீடுகளில் அணிற்பிள்ளைகள் பாலில் நனைத்த பஞ்சால் பிழைத்தெழுகின்றன. அவற்றைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளோ அரிது. குட்டி கிடைத்த தேதியையும், வாரந்தோறும் அதன் எடையையும், வைத்த கூண்டின் அளவையும், கதவைத் திறந்த நாளையும், கடைசியாக அதைக் கண்ட நாளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ ஒப்படைக்குமாறு, அணில் வளர்க்க நேர்ந்த ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.